நான்காவது கை

சீத்தாக் காட்டில் ஏழு தொகுதிகள் இருந்தன. ஒவ்வொரு தொகுதியும் ஓட்டுப் போட்டு ஓர் உறுப்பினரைச் சபைக்கு அனுப்பும். சபையில் யாருக்காக நான்கு கைகள் உயர்கின்றனவோ, அவரே காட்டின் தலைவர்.

அந்தத் தேர்தலில் நரிக் கட்சிக்கு மூன்று இடம். கரடிக் கட்சிக்கும் மூன்று. மீதியிருந்த மொட்டைப்பாறைத் தொகுதியில் ஒச்சப்பன் என்ற உடும்பு சுயேச்சையாக நின்று வென்றது.

மேட்டுக்காட்டு மிருகங்கள் ஓடையை மறித்து அணை கட்டிவிட்டதால், மொட்டைப்பாறையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குட்டிகள் சேற்றை நக்கிக்கொண்டு கிடந்தன.

"அணையைத் திறக்காமல் ஊர் திரும்ப மாட்டேன்! என் வால்மேல் சத்தியம்!" என்று சொல்லித்தான் உடும்பு ஓட்டு வாங்கியிருந்தது.

சபை வாசலிலேயே நரி ஓடி வந்து வரவேற்றது. பிரசாரத்தில் "அந்தப் பல்லி" என்று திட்டிய அதே நரிதான்!

"வாங்கண்ணே! உங்க கைதான் நான்காவது கை! என்ன வேணும், சொல்லுங்க!"

"அணையைத் திறக்கணும்."

"அவ்வளவுதானா? நீங்களே நீர்த்துறை அமைச்சரா இருந்து திறங்களேன்!"

'அமைச்சர்' என்றதும் உடும்புக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கை தானாக உயர்ந்தது.

வெயில் காயத் தனிப் பாறை கிடைத்தது. "அமைச்சர் வருகிறார்!" என்று முன்னால் ஓடிக் கத்த இரண்டு அணில்கள் கிடைத்தன. அணை மட்டும் திறக்கவில்லை.

"அணை கட்டினவங்க நமக்கு ஓட்டுப் போட்டவங்கண்ணே! அவசரப்படலாமா? குழு போட்டிருக்கேன்!" என்றது நரி.

பதவியை விட்டுவிடலாமா என்று உடும்பு ஒரு கணம் நினைத்தது. அணில்களைப் பார்த்தது. தனிப் பாறையில் போய்ப் படுத்துக்கொண்டது.

மொட்டைப்பாறையிலிருந்து ஒரு கௌதாரி தேடி வந்தது.

"ஒச்சப்பா, ரெண்டு மான்குட்டி செத்துப்போச்சு! தண்ணி எங்கே?"

"குழு ஆராய்கிறது!"

"குழுவைக் குடிக்க முடியுமா?"

உடும்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இதற்குள் கரடி தூது விட்டது. "எங்க பக்கம் வந்தா துணைத் தலைவர் பதவி!" உடும்பு மார்பை நிமிர்த்தி, "யோசிக்கிறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது.

நரி யோசிக்கவில்லை. அன்றைக்கே கரடிக் கட்சியிலிருந்து ஒரு காட்டுப்பன்றியை இழுத்து நீர்த்துறையைக் கொடுத்துவிட்டது. நான்கு கை சரியாக இருந்தது. கரடியிடம் இரண்டே கை. உடும்பு போனாலும் மூன்றுதான்! கரடியும் கதவைச் சாத்திக்கொண்டது. அணில்கள் பன்றிக்கு முன்னால் ஓடின.

அடுத்த தேர்தலில் மொட்டைப்பாறையில் கௌதாரி நின்றது. உடும்புக்கு விழுந்தது, அதுவே போட்டுக்கொண்ட ஒரே ஓட்டு. அதன் மனைவி பேச்சி தரையைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனது.

இந்த முறையும் மூன்றுக்கு மூன்று. நரி, "அக்கா!" என்று ஓடி வந்தது. கரடி, "தாயே!" என்று ஓடி வந்தது.

"முதல்ல அணையை உடைங்க! எங்க ஓடையில தண்ணி வந்த பிறகுதான் சிறகைத் தூக்குவேன்!" என்றது கௌதாரி.

நரியும் கரடியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அணையை நோக்கி ஓடின. பொழுது சாய்வதற்குள் மொட்டைப்பாறைக் குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன.

மக்கள் தந்த பலத்தைத் தன் பதவிக்கு விலையாகக் கொடுப்பவன், மக்களையும் இழப்பான், பதவியையும் இழப்பான்.