பாகல் விழுங்கிய தோடு

அந்தக் காலத்தில் பாகற்காய் கசக்காது. மேலெல்லாம் முடிச்சு முடிச்சாகவும் இருக்காது. வெள்ளரிப்பிஞ்சு மாதிரி வழவழவென்று இருக்கும். பச்சையாகவே கடித்துத் தின்னலாம். செடிகொடியெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

கிணற்றடிப் பந்தல் ஒன்றுக்குப் பாகலும் புடலையும் வாழ்க்கைப்பட்டு வந்திருந்தார்கள். ஒரே பந்தல், ஆகவே ஓரகத்திகள். பாகல் மூத்தவள், புடலை இளையவள். இருவருக்கும் ஆளுக்கொரு பூமகள். பாகல் மகள் மஞ்சள், புடலை மகள் வெள்ளை மொட்டு.

புடலைக்குக் கைவேலை வரும். கொடிகள் பற்றி ஏறுகிற சுருள் இருக்கிறதே, அது அவளுக்கு இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் நூலைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்து, கண்ணிக்குள் கண்ணி விட்டுப் பின்னிக்கொண்டே போவாள். பாகலுக்கோ ஒற்றைச் சுருள். நூலைப் பிடித்தால் கொக்கிக்குக் கை இல்லை, கொக்கி போட்டால் நூலுக்குக் கை இல்லை.

ஒருநாள் வண்டு வீட்டிலிருந்து சேதி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை ஒருவன்தான். இரண்டு பெண்ணையும் பார்த்து, பிடித்த ஒருத்தியை நிச்சயம் செய்வார்களாம்.

புடலை பருத்திச் செடியிடம் நூல் கேட்டு வாங்கி, மகளுக்குப் பாவாடை பின்ன உட்கார்ந்தாள். ஒரு சுற்று விசிறி, ஒரு சுற்று வலை, ஒரு சுற்று அரும்பு என்று அது விரிந்துகொண்டே போனது. பந்தலில் ஓடித் திரிகிற அணில்கூட ஓட்டத்தை விட்டுவிட்டு நின்று பார்த்தது.

"இளையவ கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும்" என்றது அணில்.

பாகல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, இடுப்பு அளவு சரியா இருக்கா, பாருங்களேன்" என்று புடலை பாவாடையைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்கென்ன தெரியும். மூணு கைக்காரங்க சொன்னாச் சரிதான்."

புடலை சிரித்துவிட்டாள். "இதை முடிச்சுட்டு உங்க மகளுக்கும் ஒண்ணு பின்னித் தரேன்க்கா."

முடிச்சுட்டு. அந்த ஒரு சொல்லை இரண்டு நாள் மென்றாள் பாகல். முதலில் தன் மகளுக்கு, மிஞ்சின நூலில் என் மகளுக்கு. அப்படித்தானே?

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் புடலையின் இலைகள் தொங்கிவிட்டன. "கண்ணைச் சொக்குதுக்கா, கொஞ்சம் அசந்துக்கறேன். மொட்டு விரிஞ்ச பிறகு அளவு பார்த்து இன்னும் ஒரு சுத்துப் போடணும், அதனால கடைசிக் கண்ணியைப் பூட்டல. இழுத்தா மொத்தமும் பிரிஞ்சுரும். யாரும் கை வைக்காமப் பார்த்துக்கங்க."

சொல்லிவிட்டுத் தூங்கியும் போனாள். பாவாடைக்குப் பக்கத்தில், மடித்த இலைக்குள் ஒரு ஜோடித் தோடு இருந்தது. குன்றிமணிக் கொடியிடம் கறுப்பு முனை இல்லாத மணிகளாகப் பொறுக்கி வாங்கி, நூலில் கோத்துப் பின்னியது. அப்படி ஒரு சிவப்பு.

'பாவாடை பத்தாதுன்னு தோடு வேறயா' என்று நினைத்தாள் பாகல்.

ஒரே ஒரு சுற்றுப் பிரிந்தால் போதும், ஓரம் கொஞ்சம் கோணினால் போதும் என்றுதான் நூல் நுனியைப் பிடித்தாள். ஒரு கண்ணி நழுவியது. அடுத்தது நழுவியது. அரும்பு போனது, வலை போனது, விசிறி போனது. நிறுத்த மனம் வரவில்லை. ஒற்றைச் சுருளால் இழுக்க இழுக்க, நூல் அவள் உடம்பையே சுற்றிக்கொண்டு முடிச்சு விழுந்தது. கடைசியில் தோட்டையும் எடுத்தாள். ஒளித்து வைக்க இடம் தெரியாமல் வாயில் போட்டு விழுங்கிவிட்டாள்.

புடலை விழித்தபோது பாவாடை இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"யாருக்கா பிரிச்சது?"

"காத்துதான். ஆடிக் காத்து சும்மாவா அடிக்குது?"

புடலை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல சமத்துக் காத்துக்கா. பிரிச்ச நூலை உங்க இடுப்பிலேயே பத்திரமாச் சுத்தி வெச்சுட்டுப் போயிருக்கு."

பாகல் பதில் சொல்வதற்குள் வண்டு வீட்டார் வந்துவிட்டார்கள். புடலை மகள் உடுத்த ஒன்றுமில்லாமல், விரியமாட்டேன் என்று மொட்டாகவே இருந்துகொண்டாள். மஞ்சள் பூ மட்டும் வந்து நின்றாள். அவளையே நிச்சயம் செய்து தட்டு மாற்றினார்கள்.

பாகல் நினைத்தது நடந்துவிட்டது.

அவர்கள் போனதும் புடலை வந்து, பாகல் மேலிருந்த நூலை வெட்டி எடுத்தாள். முடிச்சுகள் மட்டும் தோலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. பிரித்த நூலோ சுருள் சுருளாக நின்றது. நனைத்துக் காயவைத்துத்தான் மறுபடி பின்ன முடியும். மொட்டு அதுவரை தாங்காது. அழுதுகொண்டிருந்தால் ஆகுமா? நூலைத் துண்டு துண்டாக நறுக்கி, இதழ் ஓரமெல்லாம் குஞ்சம் கட்டிவிட்டாள் புடலை.

"வெயில் தாழட்டும்டி, அப்புறம் விரி. சுருட்டை தெரியாது" என்றாள் மகளிடம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் விரிந்தாள். சுருட்டை நூலெல்லாம் காற்றில் அலைந்தது. அந்த வழியாகப் போன அந்துப்பூச்சி திரும்பி வந்து, மூன்று தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்போதே பெண் கேட்டது.

"பாவாடையைவிட இது அம்சமா இருக்கே" என்றது அணில். பாகல் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, அந்தத் தோட்டை எடுத்து வெச்சீங்களா?" என்றாள் புடலை.

"எந்தத் தோடு?"

"உங்க மகளோடதுதான். வெள்ளைக்குச் சிவப்பு எதுக்கு, மஞ்சளுக்குத்தானே எடுப்பா இருக்கும்? பாவாடையைத் தொடறதுக்கு முன்னாடியே அதை முடிச்சுட்டேன்க்கா. நிச்சயம் ஆனதும் உங்க கையாலயே போட்டு விடுவீங்கன்னு வெச்சிருந்தேன்."

பாகல் வாயைத் திறந்தாள். சொன்னால் திருட்டு தெரிந்துவிடும். மூடிக்கொண்டாள். வயிற்றுக்குள் போன மணிகள் அங்கேயே நின்றன. கசப்பு அங்கிருந்து தோல்வரைக்கும் ஏறியது. மஞ்சள் பூ வெறும் காதோடு கல்யாணத்துக்குப் போனாள்.

அன்று முதல்தான், காயாக இருக்கிறவரைக்கும் பாகல் வாயைத் திறப்பதில்லை. பழுத்த பிறகு அடக்க முடியாமல் தானாகவே வெடித்து, உள்ளே இருக்கிற சிவப்பு மணிகளை ஊருக்கே காட்டிவிடுகிறது. போட்டுக்கொள்ள வேண்டிய பூ அதற்குள் உதிர்ந்து வெகுநாளாகியிருக்கும்.