இரண்டாவது கணக்கு

பெருங்குடியில் பன்னிரண்டாவது மாடியில் ஓர் அலுவலகம். உலகத்தின் பெயர்போன பாலங்களையும் கோபுரங்களையும் வடிவமைத்துக் கொடுக்கிற கம்பெனி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாலத்தை ஒருவர் வடிவமைத்தால், இன்னொருவர் அவருடைய தாள் எதையும் பார்க்காமல், அவரோடு பேசாமல், முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பாலம் எழும்பும்.

வடகடல் ஓரத்து நாடொன்றின் தொங்குபாலத்தை வடிவமைத்தவன் அல்போன்ஸ். சரிபார்க்கும் பொறுப்பு செண்பகவல்லிக்கு வந்தது. பத்து வருஷமாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். சென்னையில் அவளுக்கென்று இருந்த ஒரே சிநேகிதனும் அவன்தான். ஆனாலும் விதி விதிதானே? ஏழு மாதம் டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்தாள். அவன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருவருக்கும் சண்டை என்று அலுவலகமே பேசியது. சண்டையாக இருந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பார்கள்.

கணக்குகளை மேலாளர் வெங்கடவரதன் ஒப்பிட்டார். எல்லாம் ஒத்தன, பாலத்தைத் தாங்கும் கம்பிவடத்தின் பாரத்தைத் தவிர. “வடத்து எண் ஒத்துவரல, திரும்பப் பாருங்க” என்று மட்டும் இருவரிடமும் தனித்தனியே சொன்னார். செண்பகவல்லி மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். தப்பு பிடிபடவில்லை.

ஒருநாள் லிஃப்டில் அவளும் அல்போன்ஸும் மட்டும். அவள் பாதியாக இளைத்திருந்ததைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை.

“வடத்து மேலயும் பனி உறையும். அந்தப் பாரத்தைச் சேர்த்தியா?”

அவ்வளவுதான் சொன்னான். பாலத்தின் தளத்துக்குப் பனியைச் சேர்த்தவள் வடத்தை மறந்திருந்தாள். சேர்த்துப் பார்த்தாள். இருவர் எண்களும் ஒன்றாகிவிட்டன. ஆனால் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

“எண் சரியா வந்துடுச்சுல்ல? போட்டுட்டுப் போங்கம்மா.”

“சரியா இருக்கலாம் சார். ஆனா அது என் கணக்கு இல்ல.”

தலைமை அலுவலகத்துக்கு அவளே எழுதினாள். வேறொரு நாட்டில் புதிதாக ஒருவர் கணக்குப் போட்டார். நான்கு மாதம் வேலை நின்றது. கடைசியில் அவருக்கும் அதே எண்தான் வந்தது. பாலம் எழும்பியது. விதியை மீறிப் பேசியதற்காக அல்போன்ஸை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். போகும் அன்று அவள் மேசைக்கு வந்தான்.

“நம்பர் சரிதானே செண்பகம்? பின்ன ஏன்?”

அவன் போன பிறகு அழுதாள். பக்கத்தில் ஏனென்று கேட்க ஆளில்லை.

அல்போன்ஸ் சொன்ன திருத்தம் சரி. மேலாளர் சொன்னபடி எண்ணும் சரி. அப்படியானால், உதவிய அல்போன்ஸ், கையெழுத்துப் போடச் சொன்ன மேலாளர், மறுத்த செண்பகவல்லி, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: செண்பகவல்லி செய்ததே சரி. லிஃப்டில் அவன் வாய் திறந்த பிறகு அவள் எண் அவனுடைய எண்ணின் நகல்தான். அவன் தவறியிருந்தால் அவளும் அதே இடத்தில் தவறியிருப்பாள். மூன்றாமவர் கணக்கு பிற்பாடு வந்தது. அவள் மறுத்த அன்று அந்த எண்ணுக்கு ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. அல்போன்ஸ் கேட்டதற்கு இதுதான் பதில். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை, அதற்கு என்னிடம் விடை இல்லை.