நார்வேச் சொல்லும் கொக்கின் ஒற்றைக் காலும்

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சும் இருந்தது, படையும் இருந்தது. கோடியக்கரைச் சதுப்பில் கொக்கு, நாரை, பூநாரை என்று நெடுங்கால் பறவைகளெல்லாம் கூடு கட்டி வாழ்ந்தன. பல தேசத்துப் பறவைகள் கூடும் இடம் என்பதால் அங்கே பொதுமொழி ஆங்கிலம்.

ஒரு வருஷம் நரிக்கூட்டம் ஒன்று தினமும் வந்து முட்டைகளைத் தின்றது. குளிருக்கு ஒதுங்க வந்திருந்த இங்கெபோர்க் என்ற வாத்து தன் ஊரில் தளபதி. அவளையே படை நடத்தச் சொன்னார்கள். ஆனால் அவளுக்கு நார்வே மொழி மட்டும்தான் தெரியும்.

மொழிபெயர்க்க வெள்ளையப்பன் என்ற கொக்கு முன்வந்தான். தரங்கம்பாடியில் நார்வே மாலுமிகளின் மீன்கூடை ஓரம் இரண்டு வருஷம் நின்று பொறுக்கிய மொழி. தெரியாது என்று மட்டும் அவனுக்குச் சொல்லவே வராது.

தளபதி ஒரே சொல்லில் ஆணையிட்டாள்: "பெரெட்ஸ்காப்!"

"ரெடி!" என்றான் வெள்ளையப்பன். புறப்படத்தான் சொல்கிறார்கள் என்று படை ஹோவென்று கிளம்பி, கரையில் மேய்ந்த ஆடுகளைத் துரத்தி, உச்சிவேளைக்குள் களைத்து விழுந்தது. நரிகள் சாவகாசமாக வந்து சாப்பிட்டுப் போயின.

மறுநாள் அதே ஆணைக்கு "ஸ்டாண்ட் பை!" என்றான். நிற்கத்தானே சொன்னார்கள் என்று எல்லாம் நின்றன. கண்முன்னே நரி முட்டையைக் கவ்வியபோதும் நின்றன. போன முட்டைகளில் இரண்டு வெள்ளையப்பனுடையவை.

தளபதி கொதித்தாள். "பெரெட்ஸ்காப் என்றால் போவதும் இல்லை, சும்மா இருப்பதும் இல்லை! பாதி உடம்பு தரையில், பாதி உடம்பு பாய்ச்சலில்! இதற்கு ஒரு சொல் கிடையாதா?"

வெள்ளையப்பனின் மனைவி அலமேலு கூட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வார்த்தை அகப்படலைன்னா விட்டுத் தொலைங்க. அந்தம்மா சொல்றதைச் செஞ்சு காட்டுங்களேன். மிச்சம் இருக்கறது ஒரு முட்டை."

வெள்ளையப்பன் படைக்கு முன்னால் போனான். வாயே திறக்கவில்லை. ஒரு காலைச் சேற்றில் ஊன்றினான்; மறுகாலை வயிற்றோடு மடக்கினான்; கழுத்தைச் சுருக்கி, கண்ணை மட்டும் விழித்துக்கொண்டான்.

"அட, இதுதானா!" என்றது ஒரு பூநாரை. படை முழுக்கக் கால் மடக்கியது.

நரிகள் வந்தன. "எல்லாம் நொண்டியாகிவிட்டன" என்று சிரித்துக்கொண்டே நெருங்கின. இருநூறு அலகுகள் ஒரே சமயத்தில் பாய்ந்தன. ஓடிய நரிகளில் ஒன்று உப்பளத்தில் விழுந்து வெள்ளை நரியாகக் கரையேறியது.

குளிர் முடிந்து தளபதி வடக்கே கிளம்பினாள். வெகு உயரம் போனபின் திரும்பி, நீளமாக ஒரு சொல்லைக் கத்தினாள். படை கலைந்து போகலாம் என்று அர்த்தம். வெள்ளையப்பன் அந்தச் சொல்லை அதற்குமுன் கேட்டதே இல்லை.

"என்ன சொல்றாங்க?" என்று இருநூறு பறவைகளும் அவனைப் பார்த்தன.

வெள்ளையப்பன் தன் மடக்கிய காலைக் குனிந்து பார்த்தான். "அப்படியே இருக்கச் சொல்றாங்க."

அன்று முதல்தான் கொக்கும் நாரையும் பூநாரையும் நீரோரத்தில் ஒற்றைக் காலில் நிற்கின்றன. கடுத்தால் கால் மாற்றிக்கொள்ளும், ஆணையை மீறுவதில்லை.