சவுந்தரம் வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள்

பல் செய்கிற ஒருவரிடம் ஒரு பெண்மணி பாடம் கேட்கப் போனாள் என்று ஆரம்பித்தால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். குருவுக்கு வயது முப்பத்தொன்று, சிஷ்யைக்கு ஐம்பத்தெட்டு. அதற்கும் சேர்த்துச் சிரித்து முடித்தீர்களானால் மேலே சொல்கிறேன்.

குருவின் பெயர் அமல்ராஜ். உறையூரில் பல் லேப் வைத்திருக்கிறார். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து வாரத்தில் ஐந்து நாள் பல்செட் செய்வார். சனி ஞாயிறில் அதே லேபின் மாடியில் பொம்மை வீடு செய்யக் கற்றுக்கொடுப்பார். நிஜ வீட்டில் ஓர் அடி என்றால் பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். அவர் செய்கிற நாற்காலி உள்ளங்கையில் உட்காரும்.

சிஷ்யை தெய்வானை, டெலிபோன் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவள். ஆரம்பிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கூரை இல்லாத டீக்கடை, சக்கரம் இல்லாத தேர், டிரைவர் சீட்டோடு நின்றுபோன டவுன் பஸ் என்று அவள் வீட்டுப் பரணில் ஏழு பெட்டிகள் இருந்தன. ஏழிலும் தூசி. எட்டாவதாக இருந்த வீட்டை மட்டும் மூன்று மாதத்துக்கு முன் கீழே இறக்கியிருந்தாள்.

இறக்கியதற்குக் காரணம் அவள் அக்கா சவுந்தரம்.

சவுந்தரத்துக்குக் கண்ணில் அழுத்தம். பார்வை நாலு பக்கமும் இருட்டிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு வட்டம் மட்டும் பாக்கி. எதிரே ஆள் வந்து நின்றால் மூக்கு தெரியும், அப்புறம் தலையைத் திருப்பினால் காது தெரியும். வருகிற புதன்கிழமை ஆபரேஷன். "செஞ்சா இருக்கிறதும் போனாலும் போகலாம். செய்யலைன்னா நிச்சயமாப் போயிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனுஷன் ஒளிவுமறைவு இல்லாதவர்.

சவுந்தரம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாடகை வீடுதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் வீட்டுக்காரர் திடுதிப்பென்று காலி பண்ணச் சொல்லிவிட, சாமான் ஏற்றிய லாரியில் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் தெய்வானை சொன்னாள்: "நான் உனக்கு ஒரு சொந்த வீடு கட்டித் தர்றேன்க்கா." அவள் சம்பளத்தில் கட்ட முடிந்தது பிளைவுட்டில் இரண்டரை அடி அகலம். அதையும் முடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆட்டோவில் மடிமேல் வைத்து அந்த வீட்டைக் கொண்டுவந்தாள். மாடியேறி மேஜையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்குவதற்குள் கேட்டாள்.

"மாஸ்டர், ஒரு வேலை முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

அமல்ராஜ் குனிந்து வீட்டுக்குள் பார்த்தார். வீட்டின் முன்பக்கச் சுவர் கீல் வைத்தது, அலமாரிக் கதவு போல முழுதாகத் திறக்கும். திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"ஹால்ல ஊஞ்சல் இருந்துச்சே?"

"பிரிச்சுட்டேன் மாஸ்டர். சங்கிலி கோணல்."

"சோபா?"

"அது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது. பார்க்கவே கூசுது. அதையும் பிரிச்சுட்டேன்."

"சுவர்ல மாட்டுற படம்?"

தெய்வானை கைப்பையிலிருந்து சட்டம் தனியாக, படம் தனியாக எடுத்து வைத்தாள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி இதைக் கொண்டாந்தப்ப அடுப்படியும் கூரையும்தான் பாக்கி. இப்ப ஹாலும் பாக்கி. நீங்க வீடு கட்டுறீங்களா, இடிக்கிறீங்களா?"

"என் கை அப்ப வேற, இப்ப வேற மாஸ்டர். நீங்கதானே கத்துக்கொடுத்தீங்க? இப்ப நல்லா செய்ய வருது. பழசைப் பார்த்தா அசிங்கமா இருக்கு."

"இப்ப அடுப்படி செய்வீங்க. அது நல்லா வரும். உடனே படுக்கையறை அசிங்கமாத் தெரியும். பிரிப்பீங்க."

"தெரியுமே மாஸ்டர். அதுக்கு என்ன பண்றது?"

"புதன்கிழமை ஆபரேஷன்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் தெய்வானை. "ராத்திரி பகல் அதே நினைப்புதான். அவ கடைசியாப் பார்க்கப்போறது இதுவாக்கூட இருக்கலாம். அதுல ஒரு கோணல் இருந்தா நான் எப்படித் தாங்குவேன்? இன்னும் ஒரு மாசம் கிடைச்சா..."

"அதை டாக்டர்கிட்ட கேளுங்க."

சுருக்கென்று சொல்லிவிட்டார். குருவாக இருந்தாலும் வயதில் சின்னவன், இப்படிப் பேசலாமா என்று எனக்கே கோபம் வருகிறது. தெய்வானைக்கு வராமலா இருக்கும்? கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போனை எடுங்க" என்றார் அமல்ராஜ்.

"எதுக்கு?"

"அக்காவுக்குப் போடுங்க. நாளைக்குக் காலையில பத்தரை மணிக்குப் பால் காய்ச்சுறோம், வந்துடச் சொல்லுங்க."

தெய்வானை கைப்பையை மறுபடி இறக்கி வைத்தாள். "விளையாடாதீங்க மாஸ்டர். கூரை இல்ல. அடுப்படி இல்ல. அடுப்படி இல்லாத வீட்ல எங்க பால் காய்ச்சுறது?"

"எங்கப்பா வீடு கட்டினார். சர்ச்சில இருந்து ஃபாதர் வந்து வீட்டை மந்திரிச்ச அன்னிக்கு மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இல்ல."

"அப்புறம் எழுப்பினீங்களா?"

"பதினாலு வருஷம் ஆச்சு. இன்னும் இல்ல. போடுங்க போனை."

அவள் போடவில்லை. அவர் விடவில்லை. கடைசியில் தெய்வானைதான் எண்ணை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னார், போட்டாள்.

"என்னடி தெய்வா?"

"அக்கா, நாளைக்குப் பத்தரைக்கு உறையூர் வரியா? அந்த வீடு... பால் காய்ச்சுறோம்."

அந்தப் பக்கம் பாத்திரத்தை ணங்கென்று கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என் வீட்டுக்கா?" என்றாள் சவுந்தரம்.

"ஆமாக்கா."

"பட்டுப்புடவை கட்டிட்டு வரேன். வெச்சுடு, ஜாக்கெட் தேடணும்."

போன் அணைந்தது. தெய்வானை குருவை முறைத்தாள். இனி வேறு வழியில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உட்கார்ந்து அடுப்படியை ஆரம்பித்தாள். சாயங்காலம் ஐந்துக்குள் மேடை, தொட்டி, அடுப்பு, மூன்று பாத்திரம் எல்லாம் வந்துவிட்டன. அட்டையில் கூரையும் போட்டாயிற்று. அமல்ராஜ் பக்கத்தில் இருந்து வெட்டிக் கொடுத்தார், எதையும் பாராட்டவில்லை. வீட்டை அவளிடமே கொடுத்து அனுப்பினார்.

அதுதான் தப்பு என்று நான் சொல்வேன். லேபிலேயே பூட்டி வைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடித்து அமல்ராஜ் ஒன்பதரைக்கு வந்தபோது தெய்வானை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் வீடு. கண் இரண்டும் வீங்கியிருந்தது.

அவர் முன்சுவரைத் திறந்தார். அடுப்படி அப்படியே இருந்தது. படுக்கையறை காலி.

"கட்டில்?"

அவள் புடவைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். நாலு கால், இரண்டு சட்டம், ஒரு தலைப்பலகை. எல்லாம் தீக்குச்சி கனத்தில்.

"காலையில காபி போட்டுட்டு வந்து பார்த்தேன் மாஸ்டர். புது அடுப்படிக்குப் பக்கத்துல அந்தக் கட்டில் நொண்டிக்கிட்டு நின்னுச்சு. ஒரு காலை மட்டும் சரி பண்ணலாம்னுதான் கை வெச்சேன். மொத்தமும் வந்துடுச்சு. நான் பாவி மாஸ்டர். அவ பட்டுப்புடவை கட்டிக்கிட்டுக் கிளம்பியிருப்பா. வர வேண்டாம்னு போன் பண்ணிடறேன்."

"பண்ணாதீங்க."

"பசை காயவே ஒரு நாள் ஆகுமே!"

அமல்ராஜ் கீழே போய் ஒரு மெழுகுக் குச்சியும் ஸ்பிரிட் விளக்கும் கொண்டுவந்தார். உடைந்த பல்செட்டின் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துவைக்கிற மெழுகு அது. தொட்டால் ஒட்டும், ஊதினால் இறுகும். கட்டில் துண்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு விட்டார். பத்து நிமிஷத்தில் கட்டில் நின்றது. முன்பு ஒரு கால்தான் நொண்டி. இப்போது இரண்டு.

"இது முன்னாடி இருந்ததைவிட மோசம் மாஸ்டர்."

"ஆமா."

"மெழுகு வேற மஞ்சளாத் தெரியுது."

"ஆமா."

அவர் கட்டிலைப் படுக்கையறையில் வைத்தார். தெய்வானையின் கை தன்னால் அதை நோக்கிப் போனது. அவர் பார்த்த பார்வையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதில் வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள், பாவம்.

பத்தே காலுக்கு ஆட்டோ சத்தம். அமல்ராஜே இறங்கிப்போய் சவுந்தரத்தைக் கைபிடித்து ஏற்றிக் கூட்டிவந்தார். அரக்குப் பட்டு, தலையில் பூ. படிகளைக் காலால் தடவித் தடவி ஏறினாள். கையில் ஒரு பாக்கெட் பால்.

"எங்கடி வீடு?"

மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அமல்ராஜ் ஸ்பிரிட் விளக்கில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துப் பாலை ஊற்றினார். பால் பொங்கி வழிந்தது. சவுந்தரம் கும்பிட்டாள். பிறகு முகத்தை வீட்டுக்கு நேராகக் கொண்டுபோனாள்.

அவள் பார்ப்பதைப் பார்ப்பது தெய்வானைக்குப் பெரிய வேதனையாக இருந்தது. தலை ஓர் அங்குலம் நகரும், நிற்கும். இன்னும் ஓர் அங்குலம் நகரும், நிற்கும். அந்த வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் வரும். ஆகவே எதுவும் தப்பாது.

"அடுப்படி. மேடை எனக்குத் தகுந்த உயரமா வெச்சிருக்கே. நல்லா இருக்குடி."

தலை நகர்ந்தது.

"கட்டில்."

நின்றது. ரொம்ப நேரம் நின்றது. தெய்வானை கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு பக்கம் ஆடும் போலிருக்கே. சுவரோரமாத் தள்ளிப் போட்டா ஆடாது" என்று சொல்லிவிட்டு சவுந்தரம் அடுத்ததுக்குப் போனாள். தலை நகர்ந்து ஹாலுக்கு வந்தது. இடது மூலை, வலது மூலை, தரை, சுவர். எங்கும் ஒன்றுமில்லை.

"ஹால் காலியா இருக்கு."

"அக்கா..." தெய்வானைக்கு அழுகை முட்டியது. "எல்லாம் இருந்துச்சுக்கா. ஊஞ்சல், சோபா, எல்லாம். நான்தான்..."

"ஏண்டி அழறே? குடிபோற அன்னிக்கு எந்த ஹால்ல சாமான் இருக்கும்? நான் எத்தனை வீடு மாறியிருக்கேன், எனக்குத் தெரியாதா? சாமான் பின்னாடி வரும்." மறுபடி ஹாலுக்குள் கண்ணைக் கொண்டுபோனாள். "ஜன்னல் பக்கத்துல ஒண்ணும் போட்டுடாதே. காத்து வரட்டும். டிவி எதிர்ச் சுவர்ல. ஊஞ்சல் வேண்டவே வேண்டாம், இடிச்சுக்குவேன்."

தெய்வானை அழுகையை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தாள். மூன்று மாதம் அந்தச் சங்கிலியோடு அவள் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

சவுந்தரம் முன்சுவரை மெதுவாக மூடினாள். அதில்தான் வாசல் கதவு இருந்தது, ஆறு அங்குல உயரம், பச்சைப் பெயின்ட். விரல் நுனியால் தடவித் தடவிக் கதவைக் கண்டுபிடித்துத் திறந்தாள். மூடினாள். அது முழுக்க மூடாமல் ஒரு நூல் இடைவெளி விட்டு நின்றது. மறுபடி திறந்து, வட்டத்தை வாசலுக்கு நேராக வைத்து உள்ளே பார்த்தபடியே கேட்டாள்.

"இதை யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கக்கா" என்றாள் தெய்வானை. அடுத்த நிமிஷமே அவள் கண் கதவிடுக்கில் விழுந்தது. ஒரு நூல் இடைவெளி. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய கீல்.

"அக்கா, அந்தக் கதவு சரியா மூடாது. பழைய வேலை. கழட்டிடறேன், செவ்வாய்க்கிழமைக்குள்ள புதுசு மாட்டிடறேன்" என்று மேஜையில் கிடந்த திருப்புளியை எடுத்தாள்.

அமல்ராஜ் கதவுக்கு முன்னால் கையை நீட்டி மறித்தார்.

"வீட்டுக்காரம்மா உள்ள இருக்காங்க. அவங்களைக் கேட்டுட்டுக் கை வைங்க."