பலூன்பூ இன்னும் எழும்பவில்லை

ஒரு குளிர் நாட்டில், வருடத்தில் ஐந்து மாதம் பனிக்குக் கீழே படுத்துக் கிடக்கும் ஒரு பூப்பாத்தி இருந்தது. அதை உண்டாக்கியவள் யோகமலர். ஊதாவும் நீலமும் தவிர வேறு நிறம் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சட்டம் போட்டு, கடதாசியில் படம் கீறி, ஒருமுறை வைத்தால் வருடா வருடம் தானே முளைக்கிற செடிகளாகப் பார்த்து நட்டிருந்தாள். ஜூனுக்கு ஐரிஸ், ஜூலைக்கு லாவண்டர், ஆகஸ்டுக்கு, மொட்டு பலூன் மாதிரி ஊதி நிற்கும் பலூன்பூ.

பனி கரைந்தது. ஏப்ரல் முடிவதற்குள் ஐரிஸ் வாள் மாதிரி இலையை நீட்டிக்கொண்டு எழும்பிவிட்டது. லாவண்டரும் பழைய கொப்பில் பச்சை காட்டியது. பலூன்பூ மட்டும் மண்ணுக்குள்ளேயே கிடந்தது. அதன் தண்டு மாரிப் பனியிலேயே உக்கிப் போயிருந்ததால் மேலே பார்த்தால் வெறும் மண்தான்.

"என்ன, இன்னும் நித்திரையோ?" என்று ஐரிஸ் கேட்டது.

"நித்திரை இல்லை அக்கா. மண் இன்னும் சூடாகேல்லை. அதுக்கு முதல் என்னாலை எழும்ப ஏலாது."

"எங்களுக்கு மட்டும் ஆரும் அடுப்பு மூட்டி வைச்சவையோ?" ஐரிஸுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

லாவண்டர் நல்ல மனசுக்காரி. "பிள்ளை, ஒரு நுனியையாவது வெளியிலை காட்டு. யோகமலர் நேற்றும் வந்து உன்ரை இடத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கேல்லை" என்றது.

பலூன்பூவுக்குத் திக்கென்றது. முக்கிப் பார்த்தது, தம்கட்டிப் பார்த்தது. அரிசி அளவில் ஒரு முளைதான் வந்தது. வெளியே வர இன்னும் மூன்று விரல் தூரம் கிடந்தது.

லாவண்டர் பயந்தது சரியாகப் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை யோகமலர் மண் கிளறும் கரண்டியோடு வந்து குந்தினாள். பின்னால் புருஷன் தில்லைநாதன் ஒரு பூச்சாடியோடு வந்தார். சாடியில் என்ன தெரியுமா? மஞ்சள் செவ்வந்தி!

"இஞ்சாருங்கோ, மஞ்சளை ஏன் வாங்கினனீங்கள்? என்ரை படத்திலை மஞ்சளே இல்லையே."

"பின்னை வெறும் இடமாய் விடப்போறீரோ? உம்மடை பலூன்பூ செத்துப்போச்சு. மற்றதெல்லாம் எழும்பி மூண்டு கிழமை."

ஆகஸ்டு முழுக்க நீலமாக நிற்கும் என்று அவள் ஆசைப்பட்ட இடம் அது. யோகமலருக்கு அழுகை வரப் பார்த்தது. "சரி, கொண்டாங்கோ" என்று கரண்டியை மண்ணில் இறக்கினாள்.

"அண்ணை, நில்லுங்கோ! நான் சாகேல்லை!" என்று பலூன்பூ கரண்டியைப் பார்த்துக் கத்தியது.

"எனக்குக் கேக்குது பிள்ளை" என்றது கரண்டி. "என்னைப் பிடிச்சிருக்கிற கைக்குக் கேக்காதே! நான் என்ன செய்ய? இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இரு."

மேலே காட்ட ஒன்றும் இல்லைதான். ஆனால் கீழே முள்ளங்கி போலத் தடித்த வேர் இருந்தது. பலூன்பூ அந்த வேரால் மண்ணை ஒரே பிடியாகப் பிடித்தது. கரண்டி வந்து முட்டி நின்றது. அவள் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"இதென்ன, கல்லோ?" விரலால் மண்ணை விலக்கினாள் யோகமலர். வெள்ளை வேர். அதன் உச்சியில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு முளை.

"ஐயோ, அம்மாளாச்சி! இது பட்டுப்போகேல்லையப்பா! கொல்லப் பாத்தனே!" பதறிப்போய் மண்ணை அள்ளி மூடி, இரண்டு கையாலும் அணைத்துவிட்டாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. தில்லைநாதன் சாடியை வாசல் பக்கம் தூக்கிக்கொண்டு போனார். செவ்வந்திக்கும் அப்பாடா என்றிருந்தது. இன்னொருவர் தலைக்கு மேலே குடியிருக்க அதற்கு விருப்பம் இருக்கவில்லை.

பத்து நாளில் மண் சூடாகி, பலூன்பூ வெளியே வந்தது.

ஐரிஸ் சும்மா இருக்குமா? "இவ்வளவு நாளும் உள்ளுக்கை என்னதான் செய்துகொண்டிருந்தனீ?" என்று கேட்டது.

"உயிரோடை இருந்தனான் அக்கா" என்றது பலூன்பூ.