நீலாயி பச்சையைக் கழற்றிப் போட்டது

அந்தக் காலத்தில் பாசிக்கும் வாய் இருந்தது. நெல் வயலில் தேங்கிய தண்ணீரில் நீலப்பச்சைப் பாசிச் சகோதரிகள் முப்பது பேர் கைகோத்து ஒரே சரமாக மிதந்தார்கள். கண்ணுக்கே தெரியாத உருவம், ஆனால் பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஒவ்வொருத்தியும் வெயிலை வாங்கித் தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்வாள். சமைக்கும்போது பிராணவாயு குமிழ் குமிழாக வெளியே வரும். பச்சைக்கும் தெம்புக்கும் வேண்டிய தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தண்ணீரிலேயே கரைந்து கிடந்ததால் அதைத் தேடிப் போகிற வேலை இல்லை.

மூத்தவள் நீலாயி. அவளை அடுத்துக் கைகோத்திருந்தவள் தங்கை மரகதம். பெயருக்கு ஏற்ற நிறம் அவளுக்கு. வயலுக்கு மேலே பறக்கும் தட்டான் தினமும் தாழ வந்து, "உன்ன மாதிரிப் பச்சை இந்த வயல்லயே கிடையாது புள்ள" என்று சொல்லிவிட்டுப் போகும். இவ்வளவு சின்னவளை அது எப்படிப் பார்த்தது என்று கேட்காதீர்கள், தட்டானுக்குக் கண் பெரிசு. நீலாயியை அது ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரே வெயில், ஒரே தண்ணீர், ஒரே தாய் வயிறு, எரியத்தான் செய்யும்.

அந்த வருஷம் நெற்பயிர் மடமடவென்று வளர்ந்து, தண்ணீரில் இருந்த தழைச்சத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டது. சகோதரிகள் வெளுக்கத் தொடங்கினார்கள். காற்றில் தழைச்சத்து கொட்டிக் கிடந்தது, அதைப் பிடிக்கவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் சமையலில் வரும் பிராணவாயு பட்டதும் பிடிக்கிற கை மரத்துப்போகும். சமையலை நிறுத்தினாலோ பசி. சரத்தின் நுனியில் இருந்த கடைசித் தங்கை தெம்பு இல்லாமல் பிடியை விட்டு மூழ்கிப்போனாள்.

அப்போதும் தட்டான் வந்து, "மரகதம் வெளுத்துட்டாளே, பாவம்" என்றது.

"நானும்தான் வெளுத்துக் கெடக்கேன்" என்றாள் நீலாயி. "என்னைக் கேட்க ஒரு நாதி இல்ல."

"அக்கா, சரமே அறுந்துக்கிட்டு இருக்கு. இப்ப அதுவா முக்கியம்?" என்றாள் மரகதம்.

"உனக்கு முக்கியமில்லதான். இந்தப் பச்சையாலதானே உனக்கு இவ்வளவு பவுசு? எனக்கு இது வேண்டவே வேண்டாம். உன் அடுப்புக் காத்துகூட இனி என் மேல படக் கூடாது."

சொன்னதோடு நிற்கவில்லை. தன்னிடம் மிச்சமிருந்த பச்சை முழுவதையும் கழற்றிப் போட்டாள். தன்னைச் சுற்றிக் கனமாகச் சுவர் எழுப்பினாள். இரண்டு பக்கத்துத் தங்கைகளின் கையையும் விட மட்டும் மனசு வரவில்லை, அந்த இடங்களில் ஊசி முனையளவு ஓட்டை விட்டாள்.

பச்சை போனதால் உள்ளே சமையல் இல்லை, அதனால் பிராணவாயுவும் இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், சும்மா இருக்க முடியாமல் சுவரில் கசிந்த காற்றைத் துழாவினாள். தழைச்சத்து அகப்பட்டது. கை மரக்கவில்லை. மறுபடி துழாவினாள், மறுபடியும் அகப்பட்டது. ஆனால் அதை ஓட்டை வழியாகத் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கொடுத்தால் மரகதம் மறுபடி பச்சையாகிவிடுவாளே. அவள் அப்படி வைத்துக்கொண்டு இருந்த அரை நாளில் இன்னொரு தங்கையும் மூழ்கிப்போனாள்.

அந்த நேரத்தில் ஓட்டை வழியாக ஒரு வாய்ச் சாப்பாடு உள்ளே வந்தது.

"நீ சமைக்கிறதில்லையே அக்கா. இதச் சாப்பிடு, எங்கிட்ட மிச்சம் இருந்தது இவ்வளவுதான்" என்றாள் மரகதம்.

நீலாயி தழைச்சத்தைத் தள்ளினாள். அன்பினால் என்று நான் சொல்ல மாட்டேன், பாதிக்கு மேல் வெட்கம். அது கைமாறிக் கைமாறிச் சரத்தின் இரு கோடிக்கும் போனது. சாயங்காலத்துக்குள் எல்லோரும் பச்சையானார்கள். மறுநாள் தட்டான் நீலாயியின் மேலேயே வட்டமிட்டது. "எல்லாரையும் காப்பாத்தின அந்த வெள்ளச்சி யாரு?" என்று கேட்டது.

இப்போது மரகதத்துக்கு எரிந்தது. "அக்கா, நானும் கதவடைச்சுக்கிறேன்" என்றாள்.

"கழட்டின பச்சை திரும்ப வராது. பிள்ளைகுட்டியும் பிறக்காது. எனக்கு இனி ரெண்டும் இல்ல, தெரியுமா?"

"பரவாயில்ல. எல்லாரும் உன்னத்தானே கேட்கிறாங்க."

எல்லோரும் கதவடைத்தால் யார் சமைப்பது என்று நீலாயி கேட்டிருக்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. இத்தனை நாள் கழித்துக் கிடைத்த பெயரைத் தங்கையோடு பங்குபோட அவளால் ஆகவில்லை. சரத்தின் இரண்டு பக்கமும் தழைச்சத்தோடு சேர்த்து ஒரு கண்டிப்பையும் அனுப்பினாள்: "என் பக்கத்துல எவளும் கதவடைக்கக் கூடாது." அந்தப் பேச்சு ஏறக்குறைய பத்துப் பேரைத் தாண்டியதும் தேய்ந்துபோனது. அதற்கு அப்பால் ஒருத்தி துணிந்து கதவடைத்தாள்.

அன்று தொடங்கியதுதான், பாசிச் சரத்தில் சுமார் பத்துப் பேர் பச்சையாக இருந்தால் ஒருத்தி வெளுத்திருப்பது. நுண்ணோக்கியில் பார்க்கும் ஆராய்ச்சியாளர்கள் என்ன கச்சிதமான ஏற்பாடு என்று வியக்கிறார்கள். மரகதத்துக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் அக்காவுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள், அக்கா கண்டிப்போடு சேர்த்துத் தரும் தழைச்சத்தை வாங்கிக்கொள்கிறாள், நீலாயி உயிரோடு இருக்கும்வரை தன்னால் கதவடைக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.