துரை தின்ற ஒரு சிப்பம் அரிசி

கூந்தன்குளத்துக் கரையில் இருக்கிற டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில், பறவைகளைப் படமெடுக்க, கேமராவும் கையுமாக நாலைந்து பேர் கூடுவோம். அன்றைக்கு பரீதா டீச்சர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். மழைக்கு அவர் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டதாம். நாங்குநேரியில் உரக்கடை வைத்திருக்கிற ஞானதிரவியம் அண்ணாச்சிக்கு அது போதாதா? டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“பூஞ்சையெல்லாம் ஒரு சீக்கா டீச்சர்? எங்க துரைக்கும் வந்துச்சு.”

“துரை யாரு?”

“என் லென்ஸு. முந்நூறு எம்.எம். பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் ஃபோகஸ் ஆவான். போன ஐப்பசியில அவனுக்குக் கண்ணு மங்கிட்டு. ஈரத்தை உறிஞ்சட்டும்னு அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சு வச்சேன். எட்டாம் நாள் தொறக்கேன், ஒரு மணி அரிசி இல்ல! ஒரு சிப்பம் பொன்னியையும் தின்னுட்டு, அறுநூறு எம்.எம்மா வளந்து கெடக்கான்.”

“ஏப்பம் விட்டானா அண்ணாச்சி?” என்றேன்.

“விட்டான்வே. அதுலதான் லென்ஸ் மூடி தெறிச்சு அடுத்த தெருவுல விழுந்துச்சு. மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போய்க் கண்ணை வச்சேன். மங்கோலியா தெரியுது! வருசா வருசம் நம்ம குளத்துக்கு வார வரித்தலை வாத்து ஒண்ணு, கெளம்பலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்கி. ‘வா தாயி, குளத்துல தண்ணி கெடக்கு’ன்னு கை காட்டுனேன். தலையாட்டுச்சு.”

டீச்சர் விடவில்லை. “உங்களுக்கு அது தெரியும், சரி. அதுக்கு நீங்க எப்படித் தெரிவீங்க?”

“லென்ஸுல ரெண்டு பக்கமும் கண்ணாடிதான டீச்சர்?”

அறிவியல் பாடம் எடுக்கிற டீச்சர் தன் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

“சந்தோசமாக் கீழ எறங்குதேன், வீட்டுக்காரி எஸ்தர் காலி டிரம்மோட நிக்கா. ‘நான் வேணுமா, இந்தக் குழாய் வேணுமா?’ன்னா. நான் கொஞ்சம் யோசிச்சுட்டேன். அதுதான் தப்பு. பெட்டியைத் தூக்கிட்டுத் தூத்துக்குடிக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. மூணு நாள் எனக்குச் சோறு எறங்கல. துரையும் எதைக் காட்டுனாலும் மசமசன்னு எடுக்கான். நாலாம் நாள் மாடியில நின்னு தூத்துக்குடிப் பக்கம் திருப்புனேன். அடுப்படியில சீலா மீன் பொரிச்சுக்கிட்டு நிக்கா. கண்ணு கலங்கியிருக்கு. மனசு கேக்கல. ஜூமைத் திருகுனேன்.”

“முந்நூறு எம்.எம்.னா ஒரே அளவுதான? அதுல ஜூம் ஏது?” டீச்சர் மடக்கினார்.

“அரிசி தின்ன பெறவு வந்துச்சு. திருகுனேன், கிட்ட வந்தா. இன்னும் திருகுனேன், இன்னும் கிட்ட வந்தா. ஆத்தமாட்டாம கடைசி வரைக்கும் ஒரே திருகு! பாத்தா, மாடியில என் முன்னால நிக்கா. கையில மீன் சட்டி. எண்ணெய் இன்னும் கொதிக்கு.”

“என்ன சொன்னாங்க?” டீச்சர் தன்னை அறியாமல் கேட்டுவிட்டார்.

“‘ஐயோ, அடுப்ப அணைக்காம வந்துட்டேனே’ன்னா.”

குளத்து நடுவில் ஒற்றைப் பூநாரை நின்றது. டீச்சர் கையை நீட்டினார். “அதை இந்த பெஞ்சுக்கு இழுங்க பாப்போம். பையைத் தொறங்க.”

எல்லோரும் பையையே பார்த்தோம். அண்ணாச்சி மெதுவாகத் திறந்தார். ஒரு குடை, ஒரு முறுக்குப் பொட்டலம்.

“துரை எங்க?”

“அதை ஏன் கேக்கிய டீச்சர்? அன்னையில இருந்து எஸ்தர் பின்னாலயே சுத்துதான். ரெண்டு பேரும் மீன் வாங்கப் போயிருக்காவ.”

டீச்சர் சிரிக்கவே இல்லை. “முள்ளை எடுத்துட்டு அவனுக்குக் குடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. கண்ணாடியில கீறல் விழுந்துரும்.”